வாசற்படி மஞ்சள்



வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, ஆண்டு நிறைவு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் முதலில் நமக்குத் தோன்றுவது, "கதவு ஜன்னலுக்கெல்லாம் ஒரு கோட் அடித்துவிடலாமே" என்பதுதான். சுவருக்கு என்ன கலர் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். மரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெயிண்டர் வந்து, "ஸ்டெயின் போட்டு பாலிஷ் பண்ணட்டுமா, பிரைமர் வச்சு பெயிண்ட் அடிக்கட்டுமா?" என்று கேட்டால், நாம் திருதிருவென்று விழித்துவிட்டு, "எது சீப்போ அதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். வீட்டில் தவழுகிற குழந்தையோ, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோ இருந்தால் அப்படிப் போய்விடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த இரண்டும் என்ன என்று தெரிந்துகொள்வோம். ஸ்டெயின் என்பது மரத்துக்குப் போடும் சாயம். நூலுக்குச் சாயம் ஏற்றுகிற மாதிரி அது மரத்துக்குள்ளே இறங்கும். மரத்தின் ரேகையை மறைக்காது, நிறத்தை மட்டும் மாற்றும். அதுவே மரத்தைக் காப்பாற்றிவிடாது. அதன்மேல் வார்னிஷோ பாலிஷோ போட்டால்தான் தண்ணீருக்கும் தேய்மானத்துக்கும் தாங்கும்.

பிரைமர் அதற்கு நேர் எதிர். வாசல் பெருக்கி, சாணி தெளித்து மெழுகின பிறகுதானே கோலம் நிற்கிறது? பெயிண்டுக்கு பிரைமர் அப்படி. மரத்தின் நுண்ணிய துவாரங்களை அடைத்து, மேலே வரும் பெயிண்டுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது. மரத்துக்குள் இருக்கும் எண்ணெயும் பிசினும் கசிந்து வந்து பெயிண்டைக் கறையாக்காமல் ஓரளவு தடுக்கிறது. ஆகவே பிரைமர் அடித்த மரத்தில் ஸ்டெயின் ஏறாது; மேலே அழுக்கு பூசினதுபோல் நிற்கும். ஸ்டெயின் போட்ட மரத்தில் பிரைமர் அடித்தால் ஸ்டெயினுக்குச் செலவழித்த காசு வீண். இரண்டில் ஒன்றுதான், அதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

தீர்மானிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நல்ல தேக்கு, வேங்கை, பலா என்று ரேகை ஓடுகிற மரமாக இருந்தால் ஸ்டெயினும் பாலிஷும் அழகு. சொல்லப்போனால் பழைய தேக்குக்கு ஸ்டெயினே வேண்டாம். மயிலாப்பூர், தியாகராய நகரில் இன்னும் இடிபடாமல் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் இருப்பதில் பெரும்பாலும் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மா தேக்கு. 1937 வரை பர்மா நம் நாட்டோடு சேர்ந்துதான் இருந்தது. அந்த மரத்தைச் சுத்தம் செய்து, நிறமில்லாத பாலிஷ் போட்டாலே தேன் நிறத்தில் ஜொலிக்கும். இப்போது கிடைக்கிற இளம் தேக்கு வெளுப்பாக இருப்பதால்தான் அதைப் 'பர்மா' மாதிரிக் காட்ட ஸ்டெயின் போடுகிறார்கள். பல ஜாதி மரம் கலந்த ஜன்னல், ஒட்டுப் போட்டது, ஆணித் துளை நிறைந்தது, பிளைவுட் கதவு இவற்றுக்கெல்லாம் பிரைமரும் பெயிண்டும்தான் சரி. குறையை மறைக்கும்.

மரத்தின்மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? கதவின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் பச்சை மரம், ஸ்டெயின் ஏறும். தாமரை இலைத் தண்ணீராக முத்தாய் நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, அதை எடுக்காமல் ஸ்டெயின் ஏறாது. பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது அரக்கில் செய்த பழைய பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம். எனாமல் பெயிண்ட் அதற்கு அசைந்து கொடுக்காது.

அசையாத அந்தப் பழைய எனாமலில்தான் விஷயமே இருக்கிறது.

சென்ற மாதம் சித்திரைக்குளம் பக்கம் எனக்குப் பழக்கமான மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியின் பெண்ணுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்காக வந்திருக்கிறாள். கூடவே மூத்தது, ஒன்றரை வயதுப் பையன். வாசலில் பெயிண்டர் தம்பி உட்கார்ந்து வாசற்படியை உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். படியில் ஏழெட்டு வருஷத்து மஞ்சள் பெயிண்ட், அதற்கும் கீழே இன்னும் பழைய மஞ்சள், அதன்கீழே ரோஸ் நிறத்தில் ஒன்று. மஞ்சள் தூசி ரேழி வரைக்கும் பறந்திருந்தது. குழந்தை அந்தத் தூசியில் விரலால் கோடு போட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்றேன். "மாமி, குழந்தையைத் தூக்கிக்கோங்கோ. பொண்ணையும் பின்கட்டுக்குப் போகச் சொல்லுங்கோ."

"ஏண்டி, வெறும் தூசிதானே? தும்மல் வரும், அவ்வளவுதானே?" என்றார் மாமி.

வெறும் தூசி இல்லை. மங்கலமாக இருக்கட்டும் என்று நாம் வாசற்படிக்கு அடிக்கும் அந்தப் பளீர் மஞ்சள் எனாமலுக்கு அந்த நிறத்தைக் கொடுத்தது வெகுகாலமாக 'லெட் குரோமேட்' என்கிற காரீயச் சரக்கு. மஞ்சள் தூளில் நிறத்துக்காகக் கலப்படம் செய்கிறார்கள் என்று படிக்கிறோமே, அதே பொருள்தான். வெள்ளையைவிட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில்தான் காரீயம் அதிகம் இருந்தது. அடியில் தெரிந்த ரோஸ் நிறமும் சாமான்யமில்லை. அந்தக் காலத்து 'பிங்க் பிரைமர்' என்பது வெள்ளைக் காரீயத்தோடு கொஞ்சம் சிவப்புக் காரீயத்தைச் சேர்த்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. மரத்துக்கு அதுபோல உழைக்கிற பிரைமர் கிடையாது என்று பழைய ஆசாரிகள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. இன்றைக்கு ரோஸ் நிறத்தில் வருகிற பிரைமர் அதே பழைய சரக்கு என்று அர்த்தமில்லை. நிறம் வழக்கத்துக்காக வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைத்துப் பதற வேண்டாம். கலப்படமில்லாத ஈயச் சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

காரீயம் உடம்பில் எந்த அளவு இருந்தாலும் அது கெடுதல் இல்லாத அளவு என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் வயிற்றுக்குள் போனதில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொண்டால், சின்னக் குழந்தையின் உடம்பு நாலைந்து பங்கு எடுத்துக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக. வளர்கிற மூளையைத்தான் அது தாக்குகிறது. படிப்பில் மந்தம், ஒரு இடத்தில் உட்காராமை, ரத்த சோகை என்று மெதுவாகத் தெரியும். ஜுரம் மாதிரி அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இன்னொரு சங்கடம். சின்ன வயதிலிருந்து எலும்பில் சேர்ந்திருக்கும் காரீயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு இறங்கி, கருவில் இருப்பதற்கும் போய்விடும். இருப்பது போதாதென்று புதிதாகத் தூசியையும் சேர்ப்பானேன்?

உலகத்துக்கு இது நேற்றுத் தெரிந்த சங்கதி இல்லை. 1921-லேயே ஜெனிவாவில் உலகத் தொழிலாளர் மாநாடு கூடி, வீட்டின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயம் பூசக்கூடாது, பெண்களையும் 18 வயதுக்குட்பட்டவர்களையும் தொழில்ரீதியான அந்தப் பூச்சு வேலையில் அமர்த்தக்கூடாது என்று உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா 1978-ல் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடுத்தது. நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று ஆயிற்று. டப்பாவின் லேபிளிலும் அதைப் போட வேண்டும். '90 பி.பி.எம்.' என்று சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். லேபிள் இல்லாத உதிரிப் பெயிண்டும், பட்டறையில் மிச்சமான வண்டிப் பெயிண்டும் வேண்டவே வேண்டாம். தொழிற்சாலைகளுக்கான பெயிண்ட் இந்த விதிக்குள் வராது. "மீதி இருக்கும்மா, தொட்டிலுக்கு அடிச்சுத் தரேன்" என்று யாராவது அன்பாகச் சொன்னால், அதே அன்போடு மறுத்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் நம் கதவுகளில் அடுக்கடுக்காக அப்படியேதான் இருக்கிறது. ஆகவே 2017-க்கு முந்தின எனாமல் என்றால் காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வது புத்திசாலித்தனம்.

பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால், அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, மேலேயே புதுசு அடிக்கலாம். உரிந்து, செதிள் செதிளாக நிற்கிறதென்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். தூசி பறக்காமல் சேறாக வழியும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, வழிந்ததைத் துணியால் ஒற்றி, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் போட்டுவிடலாம். விளக்குமாறு தொடாதீர்கள், பெருக்கினால் தூசி எழும்பும். ஈரத் துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை துடைக்க வேண்டும். நெருப்பு லாம்பு வைத்துப் பெயிண்டைச் சுட்டு எடுப்பதும் கூடாது, காரீயம் புகையாகக் கிளம்பும். வேலை நடக்கிற அன்றும், துடைத்து முடிகிற வரையும், கர்ப்பிணியும் குழந்தையும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். மாமி வீட்டில் பெண்ணையும் பேரனையும் நாலு நாள் அடையாறில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெயிண்டரையும் நினைத்துப் பாருங்கள். அவர் இதே தூசியை வருஷம் பூராவும் சுவாசிக்கிறார். என்-95 முகமூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். "கை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு டீ சாப்பிடுங்க தம்பி" என்று சொல்லுங்கள். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும், சட்டையில் தூசியோடு போனால் அதைத்தான் தூக்கிக்கொள்வார். முகமூடியைக் கையில் கொடுத்தபோது அந்தத் தம்பி, "இருபது வருஷமா இதே வேலை செய்றேன், இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைம்மா" என்றார்.

மண் தின்கிற, சுவர்க் காரையைப் பெயர்த்துத் தின்கிற பழக்கம் உங்கள் குழந்தைக்கு இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லி, ரத்தத்தில் காரீயம் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, சுத்தம் செய்த மரத்துக்கு வருவோம். பெயிண்ட் அடிப்பதானால் வரிசை இதுதான்: உப்புத்தாள், பிரைமர், பட்டி, மறுபடி உப்புத்தாள், பட்டி பார்த்த இடத்தில் மறுபடி பிரைமர், பிறகு இரண்டு கோட் எனாமல். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரைமருக்கு முன்னாலேயே பட்டி வைப்பவர்கள் உண்டு. பச்சை மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். இரண்டு வருஷத்தில் பட்டி காய்ந்து கழன்று விழும். மரத்தில் கணு இருந்தால் அதன்மேல் மட்டும் அரக்கு பாலிஷ் ஒரு தடவை தொட்டுவிட்டு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிசின் மஞ்சளாகக் கசியும். இரும்புக் கம்பிக்கு வாங்கின ரெட் ஆக்சைடு மிச்சமிருக்கிறதே என்று மரத்துக்கு அடிக்கக் கூடாது, அது இரும்புக்குத்தான். ஒரு லிட்டர் பிரைமர் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும், அதாவது இரண்டு பக்கமும் அடித்தால் ஏறத்தாழ இரண்டு கதவு.

இன்னொன்று, இதைப் பெயிண்டர்கள் செய்வதே இல்லை. கதவின் அடி விளிம்பு! மேல் விளிம்பும்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், அடையாறு, சைதாப்பேட்டைப் பக்கம் எத்தனை வீடுகளில் பிளைவுட் கதவுகள் அடியில் ஊதிப் பிளந்து போயின! அவ்வளவு தண்ணீருக்கு எந்தப் பிரைமரும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினம் நாம் வீடு துடைக்கிற தண்ணீருக்கும், ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கும் தாங்கும். கீலைக் கழற்றிக் கதவைச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

நம் ஊரில் தீபாவளிக்கு முன்னால் அவசரமாக மரவேலைக்குப் பூச்சு போடுவதும் சரியில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி இருக்கும். அதை மூடினால் உள்ளேயிருந்து கொப்புளம் கிளம்பும். தை, மாசி, பங்குனிதான் உத்தமம். அக்கினி நட்சத்திர வெயில் நேரே அடிக்கிற வாசல் கதவென்றால் காலையிலேயே முடித்துவிட வேண்டும், வெயிலில் மேலே மட்டும் ஆடை கட்டி உள்ளே ஈரமாக நிற்கும்.

ஸ்டெயின் போடுவதானால் உப்புத்தாள் 120, பிறகு 180, கடைசியில் 220 நம்பர். ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடாகத் தெரியும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஸ்டெயினுக்கு முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் பூச்சு பிடிக்கும். துணியால் ஸ்டெயினைப் பூசி, ஐந்து பத்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். அப்படியே காயவிட்டால் பிசுக்காக நிற்கும். நிறத்தை டப்பாவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே மரத்தில் ஒரு துண்டில் போட்டு, மேலே பாலிஷும் போட்டுப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். மாமரம், ரப்பர் மரம் இவற்றில் திட்டுத் திட்டாக இறங்கும். முதலில் அரக்கு பாலிஷை ஸ்பிரிட் விட்டு நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசிவிட்டு, அது காய்ந்தபின் ஸ்டெயின் போட்டால் சமமாக வரும்.

மாமியின் வாசற்படிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். "வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்காத படி ஒரு படியா? நீ பாலிஷ் போட்டுட்டா மஞ்சள் வழுக்கிண்டு போயிடுமே" என்றார் மாமி. நியாயம்தான். வார்னிஷ் மேல் மஞ்சள் ஒட்டாது. ஆகவே கதவுக்கும் நிலைக்கும் பாலிஷ், படிக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் என்று முடிவாயிற்று. எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் தடவினால் காயவே காயாது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெயும் சரியாகக் காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் மரத்துக்குள் போய் இறுகும். இப்போது படியில் அரைத்த மஞ்சள் அழகாகப் பிடிக்கிறது. அடுத்த வாரத்துக்குள் வெயிலில் வெளுத்தும் விடுகிறது, துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம்.  வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி எண்ணெய் தேய்க்க வேண்டும், அது ஒரு வேலைதான். அது முடியாதவர்கள், லேபிளில் 90 போட்ட மஞ்சள் எனாமலை வாங்கி, மரத்துக்கான பிரைமர் அடித்து அதன்மேல் பூசிக்கொள்ளலாம்.

அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் ஸ்டெயின் தொட்ட துணியும் அப்படித்தான். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் சட்டங்கள், உளுத்த கதவுத் துண்டுகள் வீட்டில் இருந்தால் போகிக்காக எடுத்து வைக்காதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் போடாதீர்கள். பெயிண்ட் அடித்த பழைய மரத்தை எரித்தால் அதன் காரீயம் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பல் காற்றில் பறந்து, அடுத்த நாள் பொங்கல் கோலம் போடுகிற அதே வாசலில்தான் வந்து விழும்.